போலி ஸ்ட்ரீம்: சுயாதீன இசைக்கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தமாகப் பாட்டு போட்டு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்ற தளங்களில் வெளியிடும் தமிழ்க் கலைஞர்களுக்காக எழுதியது இது. பாட்டு வெளியான ஒரு வாரத்துக்குள் இன்ஸ்டாகிராமில் யாராவது வந்து, இவ்வளவு ரூபாய் கொடுத்தால் இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் (பாட்டு தளத்தில் ஒரு முறை ஓடினால் ஒரு ஸ்ட்ரீம்) தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். ஏன் என்று கேட்பவர்களுக்குக் கீழே இருப்பவை.

போலி ஸ்ட்ரீம் என்றால் சரியாக என்ன?

பாட்டைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், எண்ணிக்கையை ஏற்றுவதற்காக மட்டும் ஓடவிடப்படும் ஸ்ட்ரீம். மென்பொருள் ஓட்டினாலும் சரி, கூலிக்கு ஆள் வைத்து ஓட்டினாலும் சரி, ஒன்றுதான். பாட்டு பிடித்துப்போய் ஒருவர் ஒரே நாளில் இருபது முறை கேட்டால் அது போலி ஆகாது.

ஒரு ஸ்ட்ரீம் எப்போது கணக்கில் சேரும்?

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒன்று. மற்ற பெரிய தளங்களும் ஏறக்குறைய இதே அளவைத்தான் வைத்திருக்கின்றன. 31 விநாடி ஓடும் பாடல்கள் ஏன் திடீர் திடீரென்று முளைக்கின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நான் என் காசைக் கொடுத்து ஸ்ட்ரீம் வாங்கினால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பாட்டு ஒரு முறை ஓடினால் இத்தனை பைசா என்று நிலையான விலை எதுவும் கிடையாது. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைப் பாட்டின் உரிமையாளர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். அந்த மொத்தப் பணத்தை, அந்த மாதம் ஓடிய மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் இந்த முறைதான்.

கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு மாதத்துக்கு ஒதுக்கிய பணம் 1 கோடி ரூபாய். ஓடியது 10 கோடி ஸ்ட்ரீம். ஒரு ஸ்ட்ரீமுக்கு 10 பைசா. ஒரு லட்சம் ஸ்ட்ரீம் வாங்கிய கலைஞருக்கு 10,000 ரூபாய் வரும். இப்போது யாரோ ஒருவர் 1 கோடி போலி ஸ்ட்ரீமை உள்ளே விடுகிறார். மொத்தம் 11 கோடி ஆகிறது, பணம் அதே 1 கோடிதான். ஒரு ஸ்ட்ரீமுக்கு சுமார் 9 பைசாதான் தேறும். நம் கலைஞர் எந்தத் தவறும் செய்யவில்லை, அவர் பாட்டை ஒருவர்கூடக் குறைவாகக் கேட்கவில்லை. ஆனாலும் கைக்கு வருவது 9,090 ரூபாய்தான். அந்த ஓர் ஆளுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது.

அளந்து வடித்த ஒரே பானைச் சோற்றுக்கு ஆளில்லாத இலைகளைப் போட்டுப் பரிமாற வைப்பது போல இது. தளத்துக்கு இதில் பெரிய நஷ்டம் கிடையாது, அது ஒதுக்கவேண்டியதை ஒதுக்கிவிட்டது. பறிபோவது மற்ற கலைஞர்களின் பங்கு. எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களுக்கு அந்த ஒன்பது சதவீதம் அடுத்த பாட்டின் மிக்ஸிங் செலவாக இருக்கலாம்.

இதைப் பெரிய அளவில் எப்படிச் செய்கிறார்கள்?

பொதுவெளியில் அதிக விவரம் கிடைப்பது அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த மைக்கேல் ஸ்மித் என்பவர் மீதான வழக்கில். 2024 செப்டம்பரில் நியூயார்க் தெற்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் இதை வெளியிட்டது. 2017 முதல் 2024 வரை 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டியை (உரிமைத்தொகையை) மோசடியாகப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. கீழே வருபவை குற்றப்பத்திரிகையில் உள்ளவை.

2017 அக்டோபரில் அவர் தனக்குத்தானே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 52 கிளவுட் கணக்குகள், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகள். ஒவ்வொன்றிலும் 20 போலிக் கணக்குகள். ஆக மொத்தம் 1,040. ஒவ்வொரு கணக்கும் நாளுக்குச் சுமார் 636 பாட்டு ஓட்டும். அப்படியென்றால் ஒரு நாளில் 6,61,440 ஸ்ட்ரீம். ஸ்ட்ரீமுக்கு அரை சென்ட் என்று வைத்தால் நாளுக்கு 3,307 டாலர், வருடத்துக்கு 12 லட்சம் டாலருக்கு மேல். பின்னாளில் இந்தப் போலிக் கணக்குகள் ஒரு கட்டத்தில் 10,000 வரை போயிருக்கின்றன. சந்தாச் செலவைக் குறைக்க குடும்பத் திட்டங்களில் சேர்த்தார். ஒரே ஆள் என்று தெரியாமலிருக்க, இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் பயன்படுத்தினார்.

ஆனால் கணக்குகள் இருந்தால் மட்டும் போதாது. ஒரே பாட்டு நாளுக்கு ஆறு லட்சம் தடவை ஓடினால் யாருக்கும் சந்தேகம் வரும். அதையே பல ஆயிரம் பாட்டுகளுக்குப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் சாதாரணமாகத் தெரியும். அத்தனை பாட்டுக்கு எங்கே போவது? 2018 வாக்கில் ஒரு செயற்கை நுண்ணறிவு இசை நிறுவனத்தின் தலைவரோடு சேர்ந்துகொண்டார். அங்கிருந்து லட்சக்கணக்கில் இயந்திரப் பாட்டுகள் வந்தன. 'கால்ம் நக்கிள்ஸ்' போல வாய்க்கு வந்த கலைஞர் பெயர்களை வைத்து அவற்றை ஏற்றினார்கள். அமெரிக்காவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைத்தொகையைப் பிரித்துக் கொடுக்கும் எம்எல்சி என்ற அமைப்பு 2023-ல் சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்தியது.

ஏழு வருடம் இது ஓடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதிக எண்ணிக்கை உள்ள பாட்டு கண்காணிப்பில் எளிதில் சிக்கும். குறைந்த எண்ணிக்கையில் பரப்பி வைப்பவரைப் பிடிப்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இயந்திரப் பாட்டுகள் இல்லாமலும் செய்ய முடியுமா?

முடியும். 2018 பிப்ரவரியில் 'மியூசிக் பிசினஸ் வேர்ல்ட்வைட்' தளம் பல்கேரியாவோடு தொடர்புடைய ஒரு ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் பற்றி எழுதியது. அதில் 467 பாட்டுகள், பெரும்பாலானவை 30 விநாடியை ஒட்டியே முடிபவை. பின்தொடர்பவர்கள் 1,800 பேர்கூட இல்லை. ஆனாலும் வருமானத்தில் உலகின் முன்னணி பிளேலிஸ்ட்களோடு அது நின்றது. ஆயிரத்துச் சொச்சம் சந்தாக் கணக்குகளைக் காசு கொடுத்தே வாங்கி, இரவும் பகலும் ஓட்டினால் போட்டதைவிடப் பல மடங்கு திரும்பி வந்துவிடும் என்பது அந்தக் கட்டுரையின் கணக்கு. மாதச் சந்தா ஒரே தொகை, கேட்பதற்கு எல்லை இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

இன்னொரு வழி, கடவுச்சொல் திருடப்பட்ட உண்மையான ஆட்களின் கணக்குகள். உரிமையாளர் தூங்கும்போது அவர் கணக்கில் யாரோ ஒருவரின் பாட்டு ஓடும்.

ராயல்டிக்காக இல்லாமல் கறுப்புப் பணத்தை வெளுக்கவும் இது பயன்படுகிறது என்று ஸ்வீடனின் 'ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட்' நாளிதழ் 2023-ல் எழுதியது. குற்றக் கும்பல்கள் பணத்தை பிட்காயினாக மாற்றி, தங்களோடு தொடர்புள்ள ராப் பாடகர்களுக்குப் போலி ஸ்ட்ரீம் வாங்கி, ராயல்டியாகத் திரும்பப் பெறுகின்றன என்பது செய்தி. அப்படி நடந்ததற்குத் தங்களிடம் ஆதாரம் இல்லை என்றது ஸ்பாட்டிஃபை.

யாராவது தண்டனை பெற்றிருக்கிறார்களா?

ஆம். டென்மார்க்கில் 2024 மார்ச்சில் ஆர்ஹுஸ் நீதிமன்றம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. 2013 முதல் 2019 வரை 689 பாட்டுகளுக்குப் போலியாக ஸ்ட்ரீம் ஏற்றியது வழக்கு. 20 லட்சம் குரோனரைப் பறிமுதல் செய்யவும் உத்தரவிட்டது. மற்றவர்களின் பாடல்களின் வேகத்தையும் நீளத்தையும் மாற்றித் தன்னுடையதாக வெளியிட்ட குற்றமும் அதே வழக்கில் இருந்தது.

இந்தியாவில் ஸ்ட்ரீம் மோசடிக்கென்று தனிச் சட்டம் கிடையாது. புகார் என்று வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு, அதாவது ஏமாற்றுதல், போன்ற பொதுவான பிரிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

மொத்தத்தில் எவ்வளவு போலி?

பிரான்ஸின் தேசிய இசை மையம் 2021-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2023 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டில் மட்டும் 100 கோடி முதல் 300 கோடி ஸ்ட்ரீம் வரை போலி, அதாவது மொத்தத்தில் 1 முதல் 3 சதவீதம். இது கண்டுபிடிக்கப்பட்டவை மட்டும் என்பதை மறக்கக் கூடாது.

இயந்திரப் பாட்டுகளில் நிலைமை வேறு. டீசர் என்ற இசைத் தளம் 2025-ல் சொன்னபடி, முழுக்கச் செயற்கை நுண்ணறிவால் செய்த பாட்டுகளுக்கு அதன் மொத்த ஸ்ட்ரீமில் அரை சதவீதம்தான் பங்கு. ஆனால் அந்த அரை சதவீதத்தில் 70 சதவீதம் வரை மோசடி ஸ்ட்ரீம். அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தளத்துக்கு நாளுக்கு 50,000 இயந்திரப் பாட்டுகள் வந்துகொண்டிருந்தன. கேட்பவர்களை நம்பி அத்தனை பாட்டை யாரும் ஏற்றவில்லை என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

தளங்கள் என்ன செய்கின்றன?

போலி என்று கண்டறிந்தால் ஸ்ட்ரீமை நீக்குகின்றன, ராயல்டி தருவதில்லை, பரிந்துரைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. டீசர் 2023 கடைசியில் கொண்டுவந்த புதிய முறையில், ஒரு பயனர் மாதத்துக்கு 1,000 ஸ்ட்ரீமுக்கு மேல் கேட்டால் அதற்கு மேற்பட்டவற்றின் எடை குறைந்துவிடும். சவுண்ட்கிளவுட் 2021-லேயே, ஒருவர் கட்டும் சந்தா அவர் கேட்ட கலைஞர்களுக்கே போகும் முறையைத் தொடங்கியது. நேர்மையான வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. என் ரசிகர் கட்டிய காசு எனக்கு வந்தால், ஆயிரம் போலிக் கணக்கு இரவெல்லாம் ஓடினாலும் அந்தக் காசைத் தொட முடியாது. பெரிய தளங்கள் இதற்கு இன்னும் வரவில்லை.

ஸ்பாட்டிஃபை 2024 முதல் இரண்டு விதிகளை வைத்திருக்கிறது. ஒன்று, ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொட்டால்தான் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி. இரண்டு, ஒரு பாட்டின் ஸ்ட்ரீமில் மிகப் பெரும்பகுதி போலி என்று தெரிந்தால் பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிப்யூட்டருக்கோ, இசை நிறுவனமான லேபிளுக்கோ அந்தப் பாட்டுக்கு 10 யூரோ அபராதம். பல டிஸ்ட்ரிப்யூட்டர்கள் அதைக் கலைஞரிடமே வாங்கிவிடுகிறார்கள்.

முதல் விதி மோசடிக்காரர்களைத் தடுக்கிறதோ இல்லையோ, ஊரில் நானூறு பேர் உண்மையாகக் கேட்கும் பாட்டின் காசை எடுத்துப் பெரிய பாட்டுகளுக்குக் கொடுக்கிறது. தொகை சின்னதுதான். ஆனால் தவறு செய்யாதவரிடமிருந்து எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் எதையும் வாங்கவே இல்லை. ஆனாலும் போலி ஸ்ட்ரீம் என்று சொல்லி என் பாட்டை எடுத்துவிட்டார்கள். எப்படி?

இந்தக் கேள்வியோடு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தம் அதிகம். நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஸ்ட்ரீம் விற்பவர்கள் ஒரு பிளேலிஸ்ட் வைத்திருப்பார்கள். காசு கொடுத்தவர்களின் பாட்டுகளை மட்டும் அதில் போட்டால் சட்டென்று தெரிந்துவிடும். அதனால் நடுநடுவே காசு கொடுக்காதவர்களின் பாட்டுகளையும் சேர்த்துவிடுவார்கள். போலிக் கணக்குகள் முழுப் பட்டியலையும் ஓட்டும். உங்கள் பாட்டு அங்கே திரைச்சீலையாக இருந்ததே உங்களுக்குத் தெரியாது.

சிலர் இலவச மாதிரி காட்டுவதற்காகவே கேட்காமல் ஸ்ட்ரீம் ஏற்றிவிட்டு, பிறகு வந்து விலை பேசுவார்கள். இன்னும் சிலர் புரமோஷன் என்று நம்பிப் பணம் கட்டியிருப்பார்கள், உள்ளே நடப்பது போலிக் கணக்கு என்று தெரியாமல்.

யார் காசு கொடுத்தார் என்று தளத்தின் கணினிக்குத் தெரியாது. எந்தப் பாட்டுக்குப் போலி ஸ்ட்ரீம் வந்தது என்பது மட்டும் தெரியும். அதனால் தண்டனை பாட்டுக்கு விழுகிறது. விற்றவர் அடுத்த பெயரில் கடை திறந்துவிடுவார்.

அப்படி நேர்ந்தால் முதலில் உங்கள் கலைஞர் பக்கத்தில் எந்த பிளேலிஸ்டிலிருந்து எவ்வளவு வந்தது என்று பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். தேதி தெரிய வேண்டும். சந்தேகப்படும் பிளேலிஸ்டை ஸ்பாட்டிஃபையிடம் புகார் செய்ய அவர்களிடமே படிவம் இருக்கிறது. அதை அனுப்பிவிட்டு, அந்த விவரத்தை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு எழுதுங்கள். பாட்டை எடுப்பதற்கு முன்பே, எண்ணிக்கை ஏறும்போதே எழுதினால் மிக நல்லது. எடுத்தபின் எழுதும் கடிதத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

என் எண்களில் எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

ஸ்ட்ரீமுக்கும் கேட்பவர்களுக்கும் உள்ள பொருத்தத்தை முதலில் பாருங்கள். ஐம்பதாயிரம் ஸ்ட்ரீம் வந்தும் சேமித்தவர்கள் ஐந்து பேர், புதிதாகப் பின்தொடர்பவர் யாருமில்லை என்றால் கேட்டது மனிதர்கள் இல்லை. ஒரு நாளில் செங்குத்தாக ஏறி, சில நாளில் அதே வேகத்தில் பூஜ்யத்துக்கு இறங்குவதும் அப்படித்தான். உண்மையான ரசிகர் கூட்டம் மெதுவாகக் குறையும், கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஊர்ப் பட்டியலையும் பாருங்கள். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் ஆஷ்பர்ன் நகரம் பட்டியலில் வந்தால் போலி என்று இணையத்தில் பலர் சொல்வார்கள், கிளவுட் கணினிகளை வைத்திருக்கும் டேட்டா சென்டர்கள் அங்கே குவிந்திருப்பதால். நம் விஷயத்தில் அது மட்டும் போதாது. ஆஷ்பர்ன் இருக்கும் லௌடன் கவுண்டியில் இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர் வாழ்கிறார்கள், தமிழர்களும் அதில் உண்டு. அங்கிருந்து நாற்பது பேர் கேட்பது இயல்பு. சென்னையையும் கொழும்பையும் கோலாலம்பூரையும் தாண்டி அது முதலிடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எந்த புரமோஷன் நிறுவனத்தை நம்பலாம்?

பெயர் சொல்ல மாட்டேன், ஒரு அளவுகோல் சொல்கிறேன். இத்தனை ஸ்ட்ரீம் கட்டாயம் வரும் என்று உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். மனிதர்கள் கேட்பார்களா மாட்டார்களா என்பதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் பாட்டைப் பத்திரிகையாளர்களிடமும் பிளேலிஸ்ட் நடத்துபவர்களிடமும் கொண்டுபோகிறோம், முடிவு அவர்கள் கையில் என்று சொல்பவர் குறைந்தபட்சம் உண்மை பேசுகிறார். எந்தப் பிளேலிஸ்டில் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து நாள் முழுவதும் ஓடவிட்டால் அதுவும் போலியா?

இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இல்லை. என்னைக் கேட்டால், ஒலியை மூடிவிட்டு ஐந்து போனில் ஓடவிடுவது போலிதான், அன்பினால் செய்தாலும். தளங்களின் விதிகளும் கணிசமாக அந்தப் பக்கமே நிற்கின்றன.

தென் கொரியா இதை வெகுநாளாகப் பார்த்துவிட்டது. ரசிகர்கள் நேரம் குறித்து மொத்தமாக ஓட்டுவது அங்கே வழக்கம். அதைத் தாண்டி, நிறுவனங்கள் காசு கொடுத்துத் தரவரிசையை ஏற்றுவதற்கு 'சஜேகி' என்று பெயரே உண்டு. 2016-ல் சட்டம் திருத்தி அதைக் குற்றமாக்கினார்கள். இரண்டு வருடம் வரை சிறை அல்லது 2 கோடி வொன் வரை அபராதம். அங்குள்ள பெரிய தளமான மெலன் 2020-ல் மணிக்கு மணி மாறும் தரவரிசையைக் கைவிட்டு, ஒரு பாட்டை ஒருவர் எத்தனை முறை கேட்டாலும் 24 மணி நேரத்தில் ஒன்றாகவே எண்ணும் முறைக்கு மாறியது. 24 மணி நேரச் சாதனைக்காக நம் ஊர் ரசிகர்கள் இரவெல்லாம் கண்விழிப்பதைப் பார்க்கும்போது, இந்த மாற்றம் இங்கேயும் வர வேண்டும் என்று தோன்றுகிறது.

யூடியூபில் விளம்பரம் கொடுத்து வியூஸ் வாங்குவது தவறா?

கூகுள் வழியாக முறைப்படி விளம்பரம் கொடுப்பது விதிமீறல் இல்லை. ஆனால் அது ரசிகர்கள் தேடி வந்து பார்த்த எண்ணிக்கை என்று காட்டிக்கொள்வது வேறு. 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் ஒரு பாடல் 24 மணி நேரத்தில் 7.5 கோடி பார்வை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. விளம்பரம் வழியாக வந்த பார்வைகளும் அதில் இருந்ததால் சர்ச்சை கிளம்பியது, யூடியூப் அதைச் சாதனையாக அறிவிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், விளம்பரப் பார்வைகளை இசைத் தரவரிசையிலும் 24 மணி நேரச் சாதனையிலும் சேர்க்கமாட்டோம் என்று விதியை மாற்றியது.

நான் வெறும் ரசிகன். என்னால் ஆவது ஏதாவது உண்டா?

உண்டு. கேட்ட பாட்டுகளின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத பெயர்கள் வரிசையாக இருந்தால் கணக்கு வேறு கையில் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். அப்புறம், பிடித்த சின்னக் கலைஞரின் பாட்டைச் சேமித்து வையுங்கள். அவர் எண்கள் உண்மை என்பதற்கு அது சாட்சியாக நிற்கும்.

ஏற்கெனவே ஒருமுறை வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

உடனே நிறுத்துங்கள். மீதி ஸ்ட்ரீம் பாக்கி இருந்தால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரிடம் நீங்களே போய் நடந்ததைச் சொல்வது நல்லது. அபராதமோ பிடித்தமோ வந்தால் கட்டிவிடுங்கள், அந்தப் பணம் முதலிலேயே வேறு யாருக்கோ போயிருக்க வேண்டியது. பாட்டை எடுத்துவிட்டு வேறு பெயரில் மறுபடி ஏற்றும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒலி அடையாளத்தை வைத்து அதே பாட்டு என்று கண்டுபிடித்துவிடுவார்கள், இரண்டாவது முறை உங்கள் மொத்தக் கணக்கும் போய்விடலாம்.